'கரண்ட் கம்மியா வருது'ன்னா மோட்டார் ஏன் எரியுது? தோப்பு மோட்டார் வழியாக ஒரு மின்சுற்று பாடம்

விவசாயம் பார்க்கும் யாரைக் கேட்டாலும் ஒருமுறையாவது இதைச் சொல்லியிருப்பார்கள்: "கரண்ட் கம்மியா வந்துச்சு, அதான் மோட்டார் எரிஞ்சுபோச்சு."

கேட்பதற்கு சரியாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால் இடிக்கும். கரண்ட் கம்மியாக வந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் நிற்க வேண்டும். எரிவதற்கு சூடு வேண்டுமே? கம்மியாக வரும் கரண்ட் எப்படி அவ்வளவு சூட்டைக் கொடுக்கும்?

விஷயம் இதுதான். அந்த நேரத்தில் கம்மியாக வருவது கரண்ட் இல்லை, வோல்டேஜ். கரண்ட் வழக்கத்தைவிட அதிகமாகப் போய்க்கொண்டிருக்கும். பேச்சுவழக்கில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம். கரண்ட் பில், கரண்ட் கம்பம், கரண்ட் போச்சு, கரண்ட் கம்மி... எல்லாமே கரண்ட்தான். பேச்சில் அதனால் ஒன்றும் குறையில்லை. ஆனால் வயர் வாங்கும்போதும், எர்த் போடும்போதும், வயலைச் சுற்றி வேலி கட்டும்போதும் இந்த வித்தியாசம் தெரியாததால் பணமும் போகிறது, சில நேரம் உயிரும் போகிறது.

எங்கள் தோப்பில் நடந்த கதை

விருதுநகர் மாவட்டம் வ.புதுப்பட்டி எங்கள் ஊர். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், வத்திராயிருப்பு பக்கம். போன வருஷம் ரீல்ஸில் பார்த்த கூமாப்பட்டிக்குப் பக்கத்து ஊர் என்றால் இப்போது எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது! தென்னையும் நெல்லும்தான் இந்தப் பக்கத்துப் பிழைப்பு.

நான் காலேஜ் இரண்டாவது வருஷம் படிக்கும்போது, தோப்பு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த போரில் தண்ணீர் வற்றிப்போனது. தோப்பின் அந்தக் கடைசியில் புது போர் போட்டார் அப்பா. வீட்டு போர்டில் இருந்து போருக்கு 200 மீட்டர். பழைய 1.5 ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டாரையே அங்கே இறக்கியாச்சு. வயர்? வீட்டு வயரிங்குக்கு வாங்கி மிச்சம் இருந்த 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர்ச் சுருள் ஒன்று கிடந்தது. "இதுவே போதும்டா, செம்பு தானே" என்று அதையே இழுத்தார்.

முதல் மாதம் ஓடியது. இரண்டாவது மாதம் ஒரு சாயங்காலம் 'உம்ம்ம்' என்று முனகிவிட்டு நின்றது. காயில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினோம். ஆறே வாரத்தில் மறுபடியும் கருகிய வாசம். இரண்டாவது முறை காயில் கட்டின அண்ணன், மோட்டாரைத் திறப்பதற்கு முன்னாடியே கேட்டார்: "மோட்டார் மேல குத்தம் இல்லண்ணே. வயர் என்ன சைஸு, எவ்வளவு தூரம் இழுத்திருக்கீங்க?"

அப்பா சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். நான் தமிழ் படித்தவன், பிசிக்ஸை பத்தாவதோடு மறந்தவன். அவர் ஏன் சிரித்தார் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

கரண்ட், வோல்டேஜ், தடை: எது என்ன?

வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரமோ, குழாயில் தண்ணீர் அவ்வளவு வேகத்தோடு தள்ளும். அந்தத் தள்ளும் அழுத்தம்தான் வோல்டேஜ். தமிழில் மின்னழுத்தம். நம் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட்.

குழாய் வழியாக ஒரு நிமிஷத்துக்கு எத்தனை குடம் தண்ணீர் போகிறது என்பது கரண்ட். அதாவது மின்னோட்டம். இதை ஆம்பியரில் அளக்கிறோம்.

குழாய் ஒல்லியாக இருந்தாலோ, ரொம்ப நீளமாக இருந்தாலோ, உள்ளே பாசி அடைத்திருந்தாலோ தண்ணீர் திணறும் இல்லையா? அந்தத் திணறல்தான் ரெசிஸ்டன்ஸ், மின்தடை. இதன் அளவு ஓம்.

(இங்கே ஒரு சின்ன புலம்பல். நியூஸ் டெஸ்கில் 'மின்தடை' என்றால் பவர் கட். 'நாளை மின்தடை செய்யப்படும் இடங்கள்' என்று வாரத்துக்கு நாலு செய்தி போடுகிறோம். ஸ்கூல் புத்தகத்தில் அதே 'மின்தடை' என்றால் ரெசிஸ்டன்ஸ். ஒரே சொல், இரண்டு அர்த்தம். குழப்பம் வேண்டாம், இந்தக் கட்டுரையில் 'தடை' என்று மட்டும் எழுதுகிறேன்.)

இந்த மூன்றுக்கும் உள்ள கணக்கை ஜெர்மனியைச் சேர்ந்த கியார்க் ஓம் 1827-ல் புத்தகமாகப் போட்டார். வோல்டேஜ் என்பது கரண்டையும் தடையையும் பெருக்கினால் வருவது. அவ்வளவுதான் கணக்கு. அன்றைக்கு அவருடைய ஊரில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்த பிறகுதான் மரியாதை வந்தது.

தொட்டி உதாரணம் ஒரு இடத்தில் காலை வாரும், அதையும் சொல்லிவிட வேண்டும். குழாயை வெட்டினால் தண்ணீர் வெளியே கொட்டும். வயரை வெட்டினால் கரண்ட் கொட்டாது, நின்றுவிடும். காரணம், கரண்ட் போவதற்கு ஒரு முழு வட்டம் வேண்டும். பேஸ் வழியாகப் போய், மோட்டாருக்குள் சுற்றி, நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டும். இதைத்தான் 'சுற்று' என்கிறோம். சுவிட்ச் என்பது இந்த வட்டத்தில் நாமே வைத்திருக்கும் ஒரு இடைவெளி. கீழே அழுத்தினால் இடைவெளி மூடும், வட்டம் முழுசாகும்.

வட்டத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. 10 ஆம்பியர் போகிறது என்றால் வயர், சுவிட்ச், ஜாயின்ட், மோட்டார் காயில் எல்லாவற்றிலும் அதே 10 ஆம்பியர்தான் போகும். வழியில் எங்கேயும் கரண்ட் தேய்ந்துபோகாது. தேய்வது வோல்டேஜ்.

அந்த வயர் எவ்வளவு வோல்டேஜை விழுங்கியது?

இப்போது எங்கள் தோப்புக்கு வருவோம். தூரம் 200 மீட்டர். ஆனால் கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், அதனால் வயரின் நீளம் 400 மீட்டர். இந்த இடத்தில்தான் நிறைய பேர் தப்புக் கணக்கு போடுகிறார்கள்.

ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு சுமார் 0.0172 ஓம் தடை கொடுக்கும். நீளம் கூடினால் தடை கூடும், தடிமன் கூடினால் குறையும். ஆக 400 மீட்டரை 0.0172-ஆல் பெருக்கி, வயர் சைஸ் 2.5-ஆல் வகுத்தால், கிட்டத்தட்ட 2.75 ஓம்.

'வெறும் 2.75 தானே?' என்று தோன்றும். அந்த 1.5 ஹெச்பி மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். 10-ஐ 2.75-ஆல் பெருக்கினால் 27.5 வோல்ட். வீட்டில் 230 இருந்தாலும் போரில் இருக்கும் மோட்டாருக்குப் போய்ச் சேருவது சுமார் 202. மீதி எங்கே போனது? வயரே சூடாகித் தின்றுவிட்டது. வோல்டேஜை கரண்டால் பெருக்கினால் வாட். 27.5-ஐ 10-ஆல் பெருக்கினால் 275 வாட். மூன்று சீலிங் ஃபேனுக்கு மேல் ஓட்டும் மின்சாரத்தை, ஒரு சொட்டு தண்ணீர் எடுக்காமல், தோப்பு மண்ணைச் சூடாக்கச் செலவழித்துக்கொண்டிருந்தோம்.

இது ஓடும்போது. ஸ்டார்ட் ஆகும் அந்த ஓரிரு விநாடியில் மோட்டார் ஐந்து, ஆறு மடங்கு கரண்ட் கேட்கும். 50 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், வயரில் மட்டும் 137 வோல்ட் போய்விடும்! மோட்டார் கையில் மிஞ்சுவது நூறு வோல்ட்டுக்கும் கீழே. (நிஜத்தில் வோல்டேஜ் விழுந்தவுடன் அந்த 50-ம் கொஞ்சம் குறையும், இது தோராயக் கணக்கு.) முழுத் தொட்டித் தண்ணீரைத் தூக்க வேண்டிய ஆளுக்குப் பாதிச் சோறு போட்ட மாதிரி. அந்த 'உம்ம்ம்' முனகல் இதுதான். சுற்றவும் முடியாமல், கரண்டை விடவும் முடியாமல் நிற்கிறது.

வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் எப்படி கூடும்?

இங்கேதான் ஓம் சொன்ன கணக்கே தப்போ என்று சந்தேகம் வரும். தடை அதேதான், வோல்டேஜ் குறைகிறது என்றால் கரண்டும் குறைய வேண்டும். குண்டு பல்பில் அப்படித்தான் நடக்கும். லோ வோல்டேஜில் மங்கும், எரிந்துபோகாது. அடுப்பு காயிலும் அப்படித்தான்.

மோட்டார் வேறு ஜாதி. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார், வருகிற வோல்டேஜை எதிர்த்துத் தானும் ஒரு வோல்டேஜைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த எதிர்த்தள்ளல்தான் கரண்டை அளவோடு உள்ளே விடுகிறது. காயிலின் சொந்தத் தடை ரொம்பக் குறைவு. அதை மட்டும் நம்பினால் கரண்ட் எகிறிவிடும். ஸ்டார்ட் ஆகும்போது ஐந்து மடங்கு இழுப்பதும் இதனால்தான். இன்னும் சுற்ற ஆரம்பிக்கவில்லை, எதிர்த்துத் தள்ள ஆள் இல்லை.

இப்போது வோல்டேஜ் குறைகிறது. ஆனால் போரில் இருந்து தூக்க வேண்டிய தண்ணீர் குறையவில்லை. மோட்டார் கொஞ்சம் வேகம் இழக்கிறது. வேகம் குறைந்ததும் எதிர்த்தள்ளல் தளர்கிறது. உடனே கரண்ட் கூடுதலாக உள்ளே வருகிறது. கரண்ட் கூடியதும் எங்கள் 2.75 ஓம் வயர் இன்னும் அதிக வோல்டேஜை விழுங்குகிறது. மோட்டாருக்குப் போவது இன்னும் குறைகிறது. இன்னும் கரண்ட்... புரிகிறதா? ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகிற சங்கிலி.

சாயங்காலம் வீட்டிலேயே 190 வோல்ட்தான் இருக்கிறது என்று வையுங்கள். மோட்டார் 14 ஆம்பியர் இழுத்தால் வயரில் 38 வோல்ட் போய், மோட்டாருக்கு 152. காயிலில் ஏறும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10-ல் இருந்து 14-க்குப் போனால் கரண்ட் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, ஆனால் சூடு இரண்டு மடங்கு. காயில் மேல் பூசியிருக்கும் வார்னிஷ் இளகி, ஒரு சுற்று இன்னொரு சுற்றைத் தொட்டுவிட்டால் முடிந்தது. கருகிய வாசம்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே இரண்டு முள் மீட்டர் இருந்தது. ஒன்று வோல்ட், இன்னொன்று ஆம்பியர். இடது பக்க முள் இறங்க இறங்க, வலது பக்க முள் ஏறிக்கொண்டிருந்திருக்கும். நாங்கள் இடது பக்கத்தை மட்டும் பார்த்து "கரண்ட் கம்மி" என்று பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் 6 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தோம். தடை 1.15 ஓம் ஆனது, 10 ஆம்பியருக்கு இழப்பு 11.5 வோல்ட். வயர் விலை வலித்தது. இரண்டு தடவை காயில் கட்டின காசையும், மோட்டாரை ஏற்றி இறக்கின கூலியையும் கூட்டிப் பார்த்தபோது அதைவிட வலித்தது. அலுமினிய வயர் வாங்குபவர்கள் அதே கணக்கில் 0.0172-க்குப் பதிலாக 0.028 போட்டுக்கொள்ளுங்கள். செம்பைவிட அதில் தடை ஒன்றரை மடங்குக்கு மேல்.

வீட்டுக்கே 190 வருவது ஏன்?

அதுவும் இதே கணக்குதான், பெரிய அளவில். ஒரு டிரான்ஸ்பார்மரில் இருந்து கிளம்பும் லைனில் உள்ள எல்லா மோட்டாரும் பக்கம் பக்கமாக, 'பேரலல்' ஆக இணைந்திருக்கும். ஒவ்வொரு மோட்டாரும் தன் பங்கு கரண்டை இழுக்கும், லைன் கம்பி அத்தனையையும் சேர்த்துச் சுமக்கும். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம். இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் உள்ளன. த்ரீ பேஸ் வரும் நேரம் வந்ததும் ஒரு லைனில் உள்ள எல்லா ஆட்டோ ஸ்டார்ட்டரும் ஒரே நேரத்தில் கண் விழித்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் ஐந்து மடங்கு கேட்கும். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் தப்பித்துக்கொள்வார். கடைசிக் கம்பத்துக்காரர் பாடு திண்டாட்டம். ஆட்டோ ஸ்டார்ட்டரில் ஆன் ஆகும் நேரத்தைத் தள்ளி வைக்கும் வசதி இருந்தால், பக்கத்துத் தோட்டத்தோடு பேசி ஆளுக்கொரு நேரம் வைத்துக்கொள்வது எல்லோருக்கும் லாபம்.

த்ரீ பேஸில் ஒரு பேஸ் மட்டும் போய்விட்டாலும் இதே கதை. மூன்று பேர் தூக்கிய பாரத்தை இரண்டு பேர் தூக்க வேண்டும். அதற்கென்றே சிங்கிள் பேஸ் பிரிவென்டர் ஸ்டார்ட்டரோடு கிடைக்கிறது. அதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

இன்னொரு இடம் ஜாயின்ட். இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றுகிறோம். மழையும் வெயிலும் பட்டு அந்த முறுக்கு தளர்ந்து, பாசி பிடித்து, அரை ஓம் தடை ஆகிவிட்டது என்று வையுங்கள். 10 ஆம்பியர் போனால் அந்தக் கட்டைவிரல் அளவு இடத்தில் மட்டும் 50 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே பெரும்பாலும் 25 வாட்தான். டேப் கறுத்திருந்தாலோ உருகியிருந்தாலோ மேலே இன்னொரு சுற்று டேப் போடாதீர்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டுப் புதிதாக ஜாயின்ட் போடுங்கள்.

மோட்டார் எரிந்தால் காசு. மனுஷனுக்கு என்ன கணக்கு?

நம் உடம்பும் ஒரு தடைதான். காய்ந்த கையில் ஆயிரக்கணக்கான ஓம் இருக்கும். வேர்த்த கை, ஈரமான கால், வரப்பில் வெறுங்காலோடு நிற்பது என்றால் சுமார் 1,000 ஓம் வரை இறங்கிவிடும். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். அதாவது 230 மில்லி ஆம்பியர்.

1 மில்லி ஆம்பியர் போனாலே சுருக்கென்று தெரியும். 10-ஐத் தாண்டினால் தசை இறுகி, பிடித்த கம்பியைக் கை விடாது. 'கரண்ட் பிடிச்சு இழுத்துருச்சு' என்கிறோமே, இழுப்பது கரண்ட் இல்லை, நம் கையே மூடிக்கொள்கிறது. 30-க்கு மேல் சில விநாடி நீடித்தால் இதயத்தின் துடிப்பே தாறுமாறாகலாம். ஒரு 9 வாட் எல்.இ.டி பல்ப் எரிய கிட்டத்தட்ட 40 மில்லி ஆம்பியர் வேண்டும். அந்தக் குட்டி பல்புக்குப் போதுமான கரண்ட், ஆளைக் கொல்லவும் போதும்.

இப்போது உங்கள் போர்டில் உள்ள எம்.சி.பி-யைப் பாருங்கள். 16 என்றோ 32 என்றோ போட்டிருக்கும். அது ஆம்பியர். 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் அது விழும். உங்கள் உடம்பில் போவது 0.23. அதற்கு அது கண்டுகொள்ளவே கொள்ளாது. பீஸ் கட்டையும் அதேதான், அதிலும் பீஸ் அடிக்கடி போகிறது என்று நாலு கம்பியைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். எம்.சி.பி இருப்பது வயரைக் காப்பாற்ற. நம்மைக் காப்பாற்ற இல்லை.

'எர்த் போட்டிருக்கோமே?' எர்த் கட்டாயம் வேண்டும். ஆனால் அது மட்டும் போதுமா என்று ஒரு கணக்கு. மோட்டார் பாடியில் பேஸ் கசிகிறது. உங்கள் எர்த் குழி கோடையில் காய்ந்து 20 ஓம் தடை. டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த் 5 ஓம். மொத்தம் 25. 230-ஐ 25-ஆல் வகுத்தால் 9.2 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி விழாது! மோட்டார் பாடியில் அப்போது நிற்கும் வோல்டேஜ், 9.2 பெருக்கல் 20, 184 வோல்ட். எர்த் இருக்கிறது என்ற நம்பிக்கையில் தொட்டவருக்கு இதுதான் கிடைக்கும். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்வது இந்த 20-ஐக் குறைக்கத்தான்.

இதற்கு இருக்கும் கருவி ஆர்.சி.சி.பி. அது செய்வது எளிமையான வேலை. பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், வழியில் எங்கேயோ, யார் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று அர்த்தம். கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். பழைய மோட்டாரில் இது அடிக்கடி விழுகிறது என்று கழற்றி எறிகிறார்கள். அடிக்கடி விழுவது கருவியின் கோளாறு என்று முடிவுகட்டுவதற்கு முன், மோட்டார் கசிகிறதா என்று பாருங்கள். அதன் மேலேயே 'டெஸ்ட்' பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

நியூட்ரல் இல்லாத இடத்தில், ஒரு கம்பியை மண்ணில் அடித்து அதையே நியூட்ரலாக வைத்து லைட் எரிப்பது கிராமத்தில் நடக்கிறது. அந்தக் கம்பி மண்ணில் இருந்து கழன்றால், அதைத் தொடுபவர் உடம்புதான் நியூட்ரல். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பேஸ் கம்பி மேல் குருவி உட்காருகிறதே?

அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில். வட்டம் முழுசாகவில்லை. நாம் தரையில் நிற்கிறோம், டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலும் பூமியோடு இணைந்திருக்கிறது. அதனால் பேஸைத் தொட்டாலே போதும், நம் உடம்பும் பூமியும் சேர்ந்து வட்டத்தை முடித்துவிடும். 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்ததும் இதே வழியில்தான். கம்பியில் இருந்து தேர், தேரில் இருந்து ஆட்கள், ஆட்களில் இருந்து தரை.

மலையடிவாரத்து வேலிகள்

எங்கள் பக்கம் இதைப் பேசாமல் கட்டுரையை முடிக்க முடியாது. சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்த காடு, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் ஒரு ஏக்கரை உழுதுவிட்டுப் போகும். யானை வந்தால் தென்னங்கன்று மிஞ்சாது. அந்த வயிற்றெரிச்சல் தெரியாமல் விவசாயியைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் சிலர் நேராக 230 வோல்ட்டை வேலிக் கம்பியில் கொடுத்துவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. யானை செத்தால் செய்தியாகிறது. விடியற்காலையில் வரப்பு மேல் நடந்து போகும் பக்கத்துத் தோட்டத்துக்காரர், சில நேரம் வேலி போட்டவரே, சிக்கிக்கொள்வது மாவட்டப் பக்கத்தில் நாலு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த நாலு வரியை நானே எழுதியிருக்கிறேன்.

'சோலார் வேலியில பல ஆயிரம் வோல்ட் இருக்கு, அது சும்மா விடுது. 230 தான் கொல்லுமா?' என்று ஊரில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி.

ஆபத்து வோல்டேஜ் நம்பரில் மட்டும் இல்லை. எவ்வளவு கரண்ட், எவ்வளவு நேரம் உடம்பு வழியாகப் போகிறது என்பதில் இருக்கிறது. சோலார் வேலியின் பெட்டி, 12 வோல்ட் பேட்டரியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியைச் சேர்த்து, விநாடிக்கு ஒருமுறை ஒரு தட்டு தட்டும். அந்தத் தட்டு, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. பளார் என்று ஒரு அறை, பிறகு ஒரு விநாடி ஓய்வு. அந்த ஓய்வில் கை விடுபடும், மிருகம் ஓடிவிடும். ஈ.பி லைனில் இருந்து எடுத்த 230 அப்படி இல்லை. அது விடாது. செத்த பிறகும் போய்க்கொண்டே இருக்கும்.

சட்டமும் இதையே பிரித்துப் பார்க்கிறது. மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த தமிழ்நாடு அரசு 2023-ல் தனி விதிகள் கொண்டுவந்தது. காட்டை ஒட்டிய நிலத்தில் சோலார் வேலி போடுபவர்கள் வனத்துறையில் பதிய வேண்டும். லைனில் இருந்து நேரடியாக வேலிக்கு இழுப்பது 2003 மின்சாரச் சட்டப்படி மின்திருட்டு. யாராவது இறந்தால் வழக்கு அதோடு நிற்காது.

மழைக்காலத்துக்கு ஒரு விஷயம்

காற்றில் கம்பி அறுந்து வயலில் கிடந்தால் பக்கத்தில் போகாதீர்கள். அது சத்தம் போடாது, பொறி பறக்காது, செத்த பாம்பு மாதிரி கிடக்கும். கம்பி தொட்ட இடத்தில் இருந்து மண்ணில் வோல்டேஜ் வட்டம் வட்டமாகக் குறைந்துகொண்டே போகும். அகலமாகக் கால் வைத்தால் ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவிலேயே வோல்டேஜ் வித்தியாசம் வந்து, கால் வழியாகவே கரண்ட் ஏறும். ஏற்கெனவே பக்கத்தில் மாட்டிக்கொண்டால் ஓடாதீர்கள். இரண்டு பாதத்தையும் ஒட்டியபடி, தரையில் இருந்து எடுக்காமல், குட்டிக் குட்டியாக நகர்ந்து வெளியே வாருங்கள். நாலு கால் விரித்து நிற்கும் மாடுகள் இதில் முதலில் விழுவது இதனால்தான். மாட்டைக் காப்பாற்றப் போகிறவர் அடுத்தது.

யாராவது கம்பியில் சிக்கியிருந்தால் முதலில் மெயினை நிறுத்துங்கள். கையால் பிடித்து இழுத்தால் நீங்களும் அந்த வட்டத்தில் ஒரு பகுதி. உயர் அழுத்த லைன் என்றால் காய்ந்த கட்டை, குச்சியை எல்லாம் நம்பாதீர்கள். அறுந்த கம்பி, சாய்ந்த கம்பம் பற்றிச் சொல்ல மின்னகம் எண் 94987 94987, 24 மணி நேரமும் எடுப்பார்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் நம்பரைச் சொன்னால் இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.